பிள்ளைக்குக் கோழியா, ஆட்டுக்குட்டியா, கன்றா? டெல்டா வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

மாட்டுப் பொங்கல் கழிந்த வாரங்களில், சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து ஏறத்தாழ ஒரே கேள்வி வருகிறது. கன்றைக் குளிப்பாட்டி, நெட்டி மாலை கட்டி, தெருவில் நடத்திச் சென்ற பிள்ளை, தனக்கென்று ஓர் உயிர் வேண்டும் என்று கேட்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா, கொடுப்பதென்றால் கோழியா, ஆட்டுக்குட்டியா, கன்றா என்று பெற்றோர் தடுமாறுகிறார்கள். கால்நடை பராமரிப்புத் துறை ஊர்களில் நடத்தும் முகாம்களில் சிறந்த கிடேரிக் (பெண்) கன்றுகளுக்குப் பரிசு தரப்படுவதைப் பார்த்த குடும்பங்களில், அந்தப் பரிசுக்குப் பிள்ளையின் கையாலேயே ஒரு கன்றைத் தயார் செய்ய முடியுமா என்ற ஆசையும் சேர்ந்துகொள்கிறது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வாழும், 5 வயது முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கோழிதான் சரி. 9 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு, வீட்டில் ஏற்கெனவே பசு இருந்தால், கிடேரிக் கன்று மிக நல்ல துணை. பெரும்பாலோர் யோசிக்காமல் வாங்கிவிடும் ஆட்டுக்குட்டிக்குத்தான் இந்த மூன்றிலும் அதிக யோசனை தேவைப்படுகிறது. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

## எவற்றை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது, பள்ளி நாளில் பிள்ளை தானாகச் செய்யக்கூடிய வேலை எவ்வளவு என்பது. காலையில் பேருந்துக்கு முன்னால் கால் மணி நேரம், மாலையில் திரும்பிய பிறகு அரை மணி நேரம்: பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்குக் கிடைப்பது இவ்வளவுதான். எஞ்சிய வேலை யார் தலையில் விழும் என்பதை வாங்குவதற்கு முன்பே பேசி முடிவு செய்துவிட வேண்டும். பெரும்பாலும் அது அம்மாவின் தலையிலோ பாட்டியின் தலையிலோதான் விழுகிறது. அவர்களைக் கேட்காமல் வாங்கப்படும் ஆடும் கோழியும் வீட்டில் மனத்தாங்கலைத்தான் வளர்க்கும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறை நாட்களிலோ மட்டும், ஆபத்தில்லாத வேலைகளில் குடும்பத்துக்கு உதவலாம் என்று 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் சொல்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஆட்டுக்காக ஒரு நாள் பள்ளிக்குப் போகாமல் இருப்பது வழக்கமாகிவிட்டால் அந்த ஆட்டை விற்றுவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, உடலுக்கு வரும் ஆபத்து. விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்கள் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை எளிதில் தாக்குகின்றன. கோழி எச்சத்திலிருந்து வரும் வயிற்றுப்போக்கு, மாட்டின் தோலிலிருந்து ஒட்டும் படர்தாமரை, தேங்கிய நீரும் எலியும் சேர்ந்து தரும் எலிக்காய்ச்சல் ஆகியவை டெல்டாவில் புதியவை அல்ல. கொட்டகையை விட்டு வந்தவுடன் சோப்பு போட்டுக் கை கழுவுவது, கொட்டகைக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்வது, பால் காய்ச்சாமல் குடிக்கத் தராமல் இருப்பது ஆகிய மூன்றும் எந்த விலங்கை வாங்கினாலும் விலக்கில்லாதவை. பிள்ளைக்கு 5, 10 வயதுகளில் போட வேண்டிய தடுப்பூசிகளை (அவற்றில் இரணஜன்னிக்கானதும் அடங்கும்) போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் கயிற்றைக் கையில் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது செலவு, குறிப்பாகச் சந்தை விலையில் தெரியாத செலவு. நான்காவது, வளர்த்ததை எங்கே கொண்டுபோய்க் காட்டலாம் என்பது.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. மற்ற நான்கையும்விட அதற்கே நான் அதிக எடை கொடுக்கிறேன்: அந்த உயிர் வீட்டை விட்டு எப்படிப் போகும்? விற்கப்படுமா, அறுக்கப்படுமா, முதுமை வரை இருக்குமா? இதற்கு விடை தெரியாமல் பெயர் வைத்துவிட்ட வீடுகளில்தான் பிள்ளைகள் அதிகம் காயப்படுகிறார்கள். அமெரிக்காவில் 1902 வாக்கில் ஒஹையோ மாநிலத்தில் தொடங்கிய சிறுவர் சங்கங்கள் பின்னாளில் 4-எச் என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தன. அங்கே பிள்ளைகள் கன்றையும் ஆட்டையும் பன்றியையும் வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டுவருகிறார்கள். அவற்றில் பல, காட்சி முடிந்ததும் இறைச்சிக்காக ஏலத்தில் போகின்றன. ஆனால் அப்படித்தான் போகும் என்பது, வளர்க்கத் தொடங்கும்போதே அந்தப் பிள்ளைக்குச் சொல்லப்பட்டிருக்கும். நம் வீடுகளில் விற்பதும் அறுப்பதும் உண்டு. சொல்வது மட்டும் இல்லை.

## நாட்டுக்கோழி

ஓர் அடைக்கோழியும் பத்து முட்டைகளும் தொடக்கத்துக்குப் போதும். கடையில் குஞ்சு வாங்கினால் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மின்விளக்குச் சூடு வைத்தாக வேண்டும். மின்சாரம் நின்றால் குஞ்சு நிற்காது. தாய்க்கோழி இருந்தால் அந்தக் கவலை இல்லை. அடை வைத்த ஏழாம் நாள் இரவில், முட்டையை டார்ச் வெளிச்சத்தின் முன்னால் பிடித்துப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். கருக்கூடிய முட்டை என்றால் உள்ளே ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து கிளை பிரியும் மெல்லிய சிவப்பு நரம்புகளும் தெரியும். கருக்கூடாத முட்டையில் வெறும் மஞ்சள் வெளிச்சம் மட்டுமே இருக்கும். 21ஆம் நாள் ஓட்டில் விரிசல் விழும்வரை காலண்டரில் நாள் குறித்துக்கொண்டே வரும் பிள்ளைக்கு, காத்திருப்பது என்றால் என்ன என்பதைத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலையும் பிள்ளையின் அளவுக்கே அமைந்தது. காலையில் கூட்டைத் திறந்து தண்ணீர் மாற்றுவது, கருக்காயும் தவிடும் வைப்பது, மாலையில் எண்ணிப் பார்த்து அடைப்பது ஆகியவற்றை ஆறு வயதுப் பிள்ளையே செய்துவிடும். குஞ்சுகளுக்குக் கறையான் பிடித்துத் தரும் பழைய முறையைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். உடைந்த பானை ஒன்றில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் பானைக்குள் வெள்ளை வெள்ளையாக ஏறியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் அதைத் தட்டிக் கொட்ட வேண்டும். குஞ்சுகள் முட்டி மோதிக்கொண்டு ஓடிவரும் அந்த ஐந்து நிமிடத்துக்காகவே பிள்ளை விடியற்காலையில் எழுந்துவிடும்.

தெரியாத செலவுகள் மூன்று. ஒன்று, கூடு. கீரியும் காட்டுப்பூனையும் நாயும் உள்ள ஊர்களில் பஞ்சாரம் போதாது. தரையிலிருந்து உயர்ந்த, கம்பிவலை அடித்த கூடு வேண்டும். இரண்டாவது, வெள்ளைக்கழிச்சல். ஒரு தெருவில் வந்தால் ஒரு வாரத்தில் எல்லாக் கூடுகளையும் காலி செய்துவிடும் இந்த நோய்க்கு, குஞ்சுப் பருவத்தில் ஏழாம் நாள் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் போட வேண்டும். ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கால்நடை பராமரிப்புத் துறை இந்த நோய்க்கான (கோழிக்கழிச்சல்) தடுப்பூசி முகாம்களை இலவசமாக நடத்துகிறது. அந்தத் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்வது பெற்றோர் வேலை. மூன்றாவது செலவு பணத்தில் வருவதில்லை. கோழி பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்தியைக் கிளறினால் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆபத்து என்று பார்த்தால் பாம்புதான். முட்டைக்கும் குஞ்சுக்கும் எலிக்கும் பாம்பு வரும். கூட்டுக்குள் கையை விட்டு முட்டை எடுக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கு முதல் நாளே மறுத்துவிட வேண்டும். பகல் வெளிச்சத்தில், கண்ணால் பார்த்து, பிறகு கை நீட்ட வேண்டும். இருட்டிவிட்டால் பெரியவர்தான் எடுக்க வேண்டும்.

இழப்பைப் பொறுத்தவரை கோழி சற்று இரக்கமானது. பத்தில் ஒன்றிரண்டு குஞ்சுகள் போகும், பருந்து தூக்கும், பிள்ளை அழும், ஆனால் மற்றவை கண்முன்னே வளர்ந்துகொண்டிருக்கும். மரணத்தைச் சிறிய அளவில், வாழ்வின் நடுவே பார்ப்பதற்கு இதைவிட மென்மையான வழி எனக்குத் தெரியவில்லை. குழம்புக்குப் போகும் சேவல்களுக்குப் பெயர் வைக்காமல், முட்டையிடும் பெட்டைகளுக்கு மட்டும் பெயர் வைப்பது என்று ஒரு குடும்ப வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம்.

காட்சி என்ற இடத்தில்தான் கோழி பின்தங்குகிறது. தமிழ்நாட்டில் கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களுக்கான கண்காட்சிகள் நடப்பது உண்மைதான். ஆனால் அவை திண்டுக்கல் பக்கத்தில் அதிகம், விலை உயர்ந்த பறவைகளுக்கானவை, பெரியவர்களின் உலகம். சிறு பிள்ளையை அங்கே அழைத்துப் போய்க் காட்டலாம், போட்டியில் இறக்க வேண்டாம். வீட்டுக் கோழியைக் காட்டுவதற்குச் சரியான மேடை, பள்ளியின் அறிவியல் கண்காட்சிதான். அடை வைத்த நாள் முதல் பிள்ளை எழுதிய குறிப்பேடு அங்கே நல்ல காட்சிப்பொருள்.

வாத்தையும் பலர் கேட்கிறார்கள். அறுவடை முடிந்த வயல்களில் பட்டி பட்டியாக மேயும் வாத்து, கூட்டமாகவும் தண்ணீரோடும் வாழப் பழகியது. இரண்டு வாத்தை வீட்டுக் கொல்லையில் விட்டால் கொல்லை சேறாகிறது, தண்ணீரைத் தேடி அவை வாய்க்காலுக்குப் போக, பிள்ளையும் பின்னாலேயே போகிறது. அதனால் விட்டுவிடுகிறேன்.

## ஆட்டுக்குட்டி

ஆட்டுக்குட்டிக்கு இணையாகப் பிள்ளையோடு ஒட்டிக்கொள்ளும் விலங்கு வேறொன்றில்லை. மூன்று மாதத்தில் பால் மறந்த குட்டியை வாங்கினால், ஒரு வாரத்தில் பிள்ளையின் குரலை அறிந்துகொள்கிறது. பள்ளிவிட்டு வரும் சத்தத்துக்குக் கத்துகிறது. எட்டு வயதுப் பிள்ளை ஒரு குட்டியைப் பிடித்து நிறுத்தலாம். அகத்தி, கல்யாண முருங்கை, பூவரசு என்று குழை கட்டிப் போடலாம். 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் கிடைத்ததிலிருந்து, முன்பு ஆடே வைத்திராத வீடுகளிலும் ஆட்டுக்கொட்டகை வந்துவிட்டது. எனவே அறிவுரை சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் உண்டு.

இத்தனை இருந்தும் நான் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம் பிரிவு. ஆடு என்பது டெல்டாவில் வீட்டின் கையிருப்புப் பணம். ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக் கட்டணம், உரக்கடைப் பாக்கி என்று எது வந்தாலும் முதலில் சந்தைக்குப் போவது ஆடுதான். கிடாக்குட்டியாக இருந்தால் தீபாவளிக்கோ பக்ரீத்துக்கோ வியாபாரி வீடு தேடி வருவார். இல்லாவிட்டால் அய்யனாருக்கோ முனீஸ்வரனுக்கோ கருப்பருக்கோ நேர்ந்துவிட்ட கிடாவாக இருக்கும். நேர்த்திக்கடனில் தவறு காணவில்லை. அது நம் மண்ணின் வழிபாடு. ஆனால் நேர்ந்துவிட்ட கிடாவை, அது நேர்ந்துவிட்டது என்று சொல்லாமல், பிள்ளையிடம் 'உன் குட்டி' என்று கொடுத்து வளர்க்க விடுவதும், ஆடி மாதத்தில் ஒரு நாள் பிள்ளை பள்ளியில் இருக்கும்போது கோயிலுக்கு ஓட்டிப் போய்விடுவதும் மன்னிக்க முடியாத காரியம். பிள்ளை அதன் பிறகு ஆட்டின் மேல் மட்டுமல்ல, பெரியவர்களின் சொல் மேலும் நம்பிக்கை இழக்கிறது.

ஆகவே ஆடுதான் என்று முடிவானால் பெட்டைக்குட்டி வாங்குங்கள். அது ஒன்றரை வயது வாக்கில் குட்டி போடும். சினைக்காலம் 150 நாள். பெரும்பாலும் இரட்டைக் குட்டி. பிறக்கும் கிடாக்குட்டிகள் விற்கப்படும், தாய் ஆடு வீட்டில் இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், பிள்ளையால் அதைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. விற்ற பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளையின் பெயரில் அஞ்சலகத்தில் போடுவதாகச் சொன்னால், சொன்னபடி போட்டுவிட வேண்டும்.

இரண்டாவது காரணம் நிலமும் நீரும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து குறுவை, சம்பா, தாளடி என்று தை வரை வயல் முழுக்கப் பயிர். அறுவடையோடு உளுந்தும் பயறும் தெளித்துவிட்டால் பங்குனி வரை மறுபடியும் பயிர். டெல்டாவில் ஆட்டை அவிழ்த்துவிடக்கூடிய மாதங்கள் கோடையில் மட்டுமே. மற்ற மாதங்களில் வளர்ந்த ஆட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு கிலோ பசுந்தீவனம் வெட்டிப் போட வேண்டும். ஒரு நாள் கயிறு அவிழ்ந்து ஆடு பிறர் நாற்றங்காலில் இறங்கினால், அபராதம் ஒருபுறம், ஊர்ப் பகை ஒருபுறம். இதைவிடப் பெரிய கவலை, தண்ணீர் கரை தட்டி ஓடும் மாதங்களில் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் பிள்ளை தனியாக ஆடு மேய்ப்பது. ஆடு இறங்கினால் பிள்ளையும் இறங்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் வரை மேய்ச்சலுக்குப் பெரியவர் உடன் போக வேண்டும். முடியாவிட்டால் ஆடு கொட்டகையிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத் தரையில் நின்ற ஆட்டுக்குக் குளம்பு அழுகும், சளி பிடிக்கும், நத்தை உள்ள தாழ்ந்த நிலத்துப் புல்லால் கல்லீரலில் தட்டைப்புழு சேரும். மழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு நீக்கம், மழைக்கு முன் துள்ளுமாரித் தடுப்பூசி, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி, ஓர் ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி வீதம் தரையிலிருந்து உயர்த்திய பரண் ஆகிய எல்லாம் சேர்ந்தால், குட்டியின் விலையைவிட இவற்றுக்கு ஆகும் செலவு அதிகமாகிவிடுகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த இரவில் டெல்டா இழந்த கால்நடைகளை நினைத்துப் பாருங்கள். புயல் அறிவிப்பு வந்தால் ஆட்டை எங்கே கட்டுவது என்ற இடம் முன்கூட்டியே தீர்மானமாகி இருக்க வேண்டும்.

ஆடு மிகச் சிறந்த தேர்வாகும் வீடும் உண்டு. ஏற்கெனவே ஆட்டுப்பட்டி இருக்கும் வீட்டில், பகலில் பெரியவர் ஒருவர் ஆட்டோடு இருக்கும் வீட்டில், பிள்ளை ஒரு பெட்டைக்குட்டியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதற்குத் தடையே இல்லை.

## கிடேரிக் கன்று

கன்றை விலைக்கு வாங்கிப் பிள்ளையிடம் கொடுப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. தாயிடமிருந்து பிரித்த கன்றுக்குப் பால் வைத்துக் கட்டுப்படியாகாது. வீட்டுப் பசு ஈன்ற கிடேரியைப் பிள்ளையின் பொறுப்பில் விடுவது வேறு. அதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கன்று ஈனும் நேரத்தில் பிள்ளை எட்டி நின்று பார்க்கலாம். பனிக்குட நீரையும் நஞ்சுக்கொடியையும் தொடக் கூடாது, ஏனெனில் மாட்டின் கருவைக் கலைக்கும் கன்று வீச்சு நோய்க் கிருமி மனிதருக்கும் தொற்றும். கன்று எழுந்து நின்று முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வதே பிள்ளையின் முதல் வேலையாக இருக்கட்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் கன்றுக்குப் போய்ச் சேர வேண்டும். இங்கேதான் மறைந்திருக்கும் முதல் செலவு: கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றும் பாலில் ஒரு பகுதி குறையும். இதற்கு மனம் இல்லாத வீட்டில் வளரும் கன்று பரிசுக்கு வராது. வயிறு பெருத்து மயிர் சிலிர்த்து நிற்கும்.

வளர்ப்பில் நாள் வாரியாகப் பிள்ளை செய்யக்கூடியவை ஏராளம். வைக்கோல் பிரியால் உடலைத் தேய்த்துவிடுவது, காதின் உட்புறம், வாலடி, தொடை இடுக்கு என்று உண்ணி ஒளிந்திருக்கும் இடங்களைத் தடவிப் பார்ப்பது, தொட்டியைக் கழுவுவது, மார்பளவை அளந்து வாரந்தோறும் எழுதுவது ஆகியவற்றை 9 வயதுப் பிள்ளை நன்றாகச் செய்யும். குடற்புழு மருந்து, நான்கு மாதத்துக்கு மேல் கோமாரித் தடுப்பூசி, நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் கிடேரிக்கு ஒரே ஒரு முறை போடப்படும் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி ஆகியவற்றைப் பெரியவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னது உயிருள்ள கிருமியைக் கொண்ட மருந்து என்பதால், அதைப் போடும்போது பிள்ளை அருகில் இருக்கக் கூடாது.

நடத்திப் பழக்குவதுதான் காட்சிக்கான உண்மையான பயிற்சி. தலைக்கயிறு மட்டும் போட்டு, கன்றின் தோளுக்குப் பக்கத்தில் நின்று, அது அடி வைத்தால் கயிற்றைத் தளர்த்தி, நின்றால் பொறுமையாக இறுக்கிப் பிடித்து, தினமும் பத்து நிமிடம் நடந்தால் இரண்டு மூன்று வாரத்தில் கன்று பிள்ளையோடு நடக்கும். கயிற்றை விரலிலோ மணிக்கட்டிலோ ஒருபோதும் சுற்றக் கூடாது. கன்று மிரண்டு ஓடினால் விட்டுவிடலாம். சுற்றிய கயிறு பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும். ஆறு மாதத்துக்குப் பிறகு கன்றின் பலம் பிள்ளையின் பலத்தை மீறிவிடும் என்பதால் அதற்குள் பழக்கம் வந்திருக்க வேண்டும். அதன் பிறகு கயிற்றின் இன்னொரு முனையில் பெரியவர் ஒருவர் நடக்க வேண்டும். காளைக்கன்றை இதற்கு எடுக்கவே வேண்டாம்.

நீங்கள் வைத்திருப்பது உம்பளச்சேரி மாடாக இருந்தால், கலப்பினத்தைவிடப் பால் மிகக் குறைவு என்பது தெரிந்ததே. ஆனால் பிள்ளைக்கு அதைப்போல் கற்றுத்தரும் இனம் வேறில்லை. பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும் கன்று, ஆறு எட்டு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. மாதந்தோறும் ஒரே இடத்தில் நிறுத்திப் படம் எடுத்து ஒட்டினால் அந்த மாற்றம் ஓர் ஏடாகவே வரும். நெற்றியில் வெண்சுட்டி, கால்களின் கீழ்ப்பகுதியில் வெண்மை என்று இன அடையாளங்களையும் பிள்ளை தன் கன்றிலேயே படித்துக்கொள்ளும். சேற்று வயலில் உழுவதற்கென்றே இந்த மண்ணில் உருவான மாடு அது. அந்த இனத்தைப் பேணுவதற்குத் திருத்துறைப்பூண்டிக்கு அருகில் கொருக்கையில் அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது. ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இயங்குவதால், நம் பகுதியில் ஆலோசனைக்கு வழி உண்டு.

முகாமுக்குக் கொண்டுபோகும்போது கவனிக்க வேண்டியவை பல. கோமாரித் தடுப்பூசி குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். கோமாரியும் தோல் கழலை நோயும் கூட்டத்தில் பரவுபவை. ஆகவே பிற மாடுகளின் தொட்டியில் தண்ணீர் காட்டாமல், வீட்டு வாளியையே எடுத்துச் செல்ல வேண்டும். திரும்பியதும் இரண்டு வாரம் மற்ற மாடுகளை விட்டுத் தனியே கட்ட வேண்டும். தனியே கட்ட இடமில்லாத வீட்டுக்கு இதுவும் ஒரு செலவு. அழகுக்காகச் சாயமோ பவுடரோ பூச வேண்டாம். என்ன தீவனம், எப்போது புழு மருந்து, எத்தனை மாதம் என்று கேட்டால், விடையைப் பிள்ளையே சொல்ல வேண்டும். பெரியவர் முந்திக்கொள்ளக் கூடாது. அமெரிக்கச் சங்கங்களில் மிகச் சிறிய பிள்ளைகளுக்கு முதல், இரண்டாம் என்று தரம் பிரிக்காமல் பங்கேற்றமைக்கு மட்டும் பாராட்டுத் தரும் வழக்கம் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளும் இளைஞர் மன்றங்களும் பொங்கல் விழாவில் இதை அப்படியே செய்யலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாணம் அள்ளுவதும் தீவனம் வைப்பதும் பெண் பிள்ளைக்கு, மேடைக்குக் கன்றை ஓட்டிப் போவது ஆண் பிள்ளைக்கு என்று சில வீடுகளில் பிரிந்துவிடுகிறது. கன்றைத் தேய்த்துக் குளிப்பாட்டியது எந்தக் கையோ அந்தக் கைதான் கயிற்றையும் பிடிக்க வேண்டும்.

பிரிவு என்ற அளவுகோலில் கிடேரி முன்னால் நிற்கிறது. கலப்பினக் கிடேரி மூன்று வயது வாக்கிலும், உம்பளச்சேரி நான்கு வயது வாக்கிலும் முதல் கன்று ஈனும். நான்காம் வகுப்பில் கன்றைக் கையில் எடுத்த பிள்ளை, ஏழாம் எட்டாம் வகுப்பில் அது தாயாவதைப் பார்க்கும். இவ்வளவு நீண்ட பொறுப்பை ஏற்கப் பிள்ளைக்கு மனம் இருக்கிறதா என்பதைத்தான் பெற்றோர் எடைபோட வேண்டும். பாதியில் சலித்துவிட்டால் அந்த வேலையை ஏற்றுக்கொள்ள வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

## வாங்காமலே வளர்ப்பது

கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ மாடி வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்கும், இருவரும் வேலைக்குப் போகும் பெற்றோருக்கும் வளர்ப்பவரும் உரியவரும் குட்டிகளைப் பங்கிட்டுக்கொள்ளும், 'வாரத்துக்கு விடும்' பழைய முறையைச் சொல்வேன். ஒரு பெட்டை ஆட்டை வாங்கி, கிராமத்தில் ஆடு வளர்க்கும் தெரிந்த குடும்பத்திடம் விட்டால், பிறக்கும் குட்டிகளில் பாதி அவர்களுக்கு, பாதி நமக்கு. பிள்ளை சனி, ஞாயிறுகளில் போய்ப் பார்க்கலாம், குழை போடலாம், அங்கே இருப்பவர்களிடமே கற்றுக்கொள்ளலாம். ஆடு செத்தாலோ விற்றாலோ கணக்கு எப்படி என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். தாத்தா பாட்டி வீட்டில் மாடு இருந்தால் அதுவும் போதும். நாள்தோறும் செய்யும் பொறுப்பு மட்டும் இதில் வராது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நாட்டுக்கோழி | பெட்டை ஆட்டுக்குட்டி | கிடேரிக் கன்று |
|---|---|---|---|
| ஏற்ற வயது | 5 முதல் | 8 முதல் | 9 முதல், பெரியவர் துணையோடு |
| பெரியவர் வேலை | குறைவு | மழைக்காலத்தில் மிக அதிகம் | நாள்தோறும் உண்டு |
| முக்கிய ஆபத்து | கூட்டில் பாம்பு | வாய்க்கால், ஆறு | இழுத்துத் தள்ளுவது, உதை |
| மறைந்த செலவு | கம்பிவலைக் கூடு | பரண், வெட்டுத் தீவனம் | குறையும் பால், தனிக் கொட்டகை |
| பிரிவு | சிறிது சிறிதாக | குட்டிகள் விற்பனை | பல ஆண்டுகள் தங்கும் |
| காட்டும் இடம் | பள்ளிக் கண்காட்சி | அரிது | கால்நடை முகாம், மாட்டுப் பொங்கல் |

## எப்போது தொடங்குவது

கோழிக்குத் தை மாதத்தில் அடை வையுங்கள். மாசியில் பொரிக்கும் குஞ்சுகள் மழைக்கு முன்னால் நன்றாக வளர்ந்துவிடும். ஐப்பசியில் பொரித்தால் ஈரத்திலும் ரத்தக்கழிச்சலிலும் பாதி போய்விடும். ஆட்டுக்குட்டியைப் பயறு அறுவடைக்குப் பின், பங்குனி சித்திரையில் வாங்கினால், முழுக் கோடையும் மேய்ச்சலும் காய்ந்த தரையும் கிடைக்கும். பள்ளி விடுமுறையும் கூடவே வரும். பரண் வேலையை ஆடிக்குள் முடித்துவிட வேண்டும். கன்றுக்கு மாதம் பார்க்க முடியாது. பசு சினைப்பட்ட நாளிலிருந்து ஒன்பது மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கணக்கிட்டு, ஈனும் வாரத்தைப் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். அதற்குள் ஒரு குறிப்பேடு வாங்கி, தடுப்பூசிக்கு ஒரு பக்கம், புழு மருந்துக்கு ஒரு பக்கம், தீவனச் செலவுக்கு ஒரு பக்கம் என்று கோடு போட்டுக் கொடுத்துவிட்டால், கன்று பிறந்த தேதியைப் பிள்ளையே முதல் வரியாக எழுதிக்கொள்ளும்.